சாற்றுதல் என்னும் சொல்

பலரறிய அறிவித்தலைக் குறிக்கும் ‘சாற்றுதல்’ என்ற சொல், இன்று பெரும்பாலும் ‘பறைசாற்றுதல்’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டுமே தங்கியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதன் உறவுகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தெலுங்கின் ‘சாட்டு’, கன்னடத்தின் ‘சாறு’ ஆகிய வினைகளும் இதே வேரில் கிளைத்து இதே பொருளைத் தருகின்றன.

‘பறை’ கருவியின் பெயர் மட்டுமன்று. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அன்றாடம் ‘பறயுக’ என்கின்றனர். ‘அறைதல்’ என்பதற்கும் முரசை அடித்தல், அறிவித்தல் என இரு பொருளும் உண்டு. மணிமேகலையின் முதற்பகுதியான விழாவறை காதையில் இந்திர விழாச் செய்தி முரசறைந்தே நகருக்குச் சொல்லப்படுகிறது.

‘அவர் முகம் சோர்வைப் பறைசாற்றியது’ என எழுதுவதை நான் ஏற்பதில்லை. முகம் சோர்வைக் காட்டும். சாற்றுவதற்கோ ஊரார் கேட்க வேண்டும் என்ற நோக்கமும் வேண்டும். அரசு நெருக்கடி நிலையை அறிவிக்கும்போது ‘பிரகடனம்’ என்கிறோம், அது வடசொல். ஊர்த் திருவிழாவுக்குக் ‘காப்புக் கட்டுதல்’ அறிவிப்பை அச்சிடுவோர், ‘இதனால் சாற்றுவது யாதெனில்’ என்று தொடங்கலாம் என்பது என் விருப்பம்.