"சரிங்க சிஸ்டர்": ஒரு நர்சிங் சூப்பர்வைசரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

சூப்பர்வைசராகி இரண்டாவது வாரம். காலையில் நைட் டியூட்டிக்காரர்களிடம் ஓவர் (பொறுப்பு) எடுக்கும்போதே வயிறு கலங்கிவிட்டது. 9ஆம் நம்பர் ரூம் சர்க்கரை நோயாளிக்கு டியூட்டி டாக்டர் ராத்திரி போனில் சொன்ன இன்சுலின் 'பிப்டீன்'. நைட் பொண்ணு காதில் விழுந்தது 'பிப்டி'. சார்ட்டில் 50 என்று எழுதியிருந்தாள். காலை டோஸ் போட வந்தவள், "நேத்து 12தானே போட்டோம்?" என்று சந்தேகப்பட்டு டாக்டரைக் கேட்டதால் தப்பித்தோம்.

கத்திவிட்டேன். அதுவும் அந்த ரூம் வாசலிலேயே, டிபன் கேரியரோடு நின்ற சொந்தக்காரர்கள் பார்க்க. அவள் நாலு தடவை "சரிங்க சிஸ்டர்" என்றாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று முதல் புது வழக்கம். போனில் வரும் ஆர்டரை முதலில் எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும், டாக்டர் 'ஆமாம்' சொன்ன பிறகுதான் மருந்தில் கை வைக்க வேண்டும். எண்ணைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: 'ஒண்ணு, அஞ்சு'. தமிழில் சொன்னால் பதினஞ்சும் அம்பதும் குழம்பாதே என்று ஒருத்தி கேட்டாள். உண்மைதான். ஆனால் இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலத்தானே கேட்கின்றன?

எழுதும்போதும் 'யூனிட்' என்று முழுசாக. 10க்குப் பின்னால் கிறுக்கும் 'யூ' எழுத்து சுழியாகத் தெரிந்தால் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004லேயே அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாங்கள் இன்னும் கிறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு டாக்டருக்குக் கோபம். "நான் சொன்னதையே எனக்கு ஒப்பிக்கிறீங்களா?" என்றார். "சார், செக் பண்றது உங்களை இல்ல, எங்க காதை" என்றேன். சிரித்துவிட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எஸ்பிஏஆர் வகுப்பு. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நமக்கு என்ன தோன்றுகிறது, டாக்டர் என்ன செய்ய வேண்டும்: இந்த நாலையும் இதே வரிசையில் சொல்வது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது.

எங்கள் பிள்ளைகள் முதல் இரண்டையும் நன்றாகச் சொல்கிறார்கள். மூன்றாவதில் "ஒரு மாதிரி இருக்காங்க சார்" என்று நின்றுவிடுகிறார்கள். நாலாவது வாயிலேயே வருவதில்லை. டாக்டரிடம் 'வாங்க' என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்! உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன்: "கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ண அம்மா சார், பிபி 90க்கு 60, பல்ஸ் 124, உள்ளே ரத்தம் கசியுதோன்னு தோணுது, உடனே வந்து பாருங்க." கடைசி மூணு வார்த்தைக்கு எல்லோருக்கும் குரல் கம்மிவிட்டது. அதை மட்டும் ஐந்து தடவை சொல்ல வைத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆயாம்மாதான் சொன்னார். டிரிப் வெளியே இறங்கி ஒரு பாட்டியின் கை வீங்கியிருக்கிறது. அதே நைட் பொண்ணு ஊசியை மாற்றிக் குத்திவிட்டு எங்கேயும் எழுதவில்லை. "உங்களப் பாத்தாலே அது நடுங்குது சிஸ்டர்."

லினன் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். திட்டத்தான் என்று நினைத்து அழத் தயாராக நின்றாள். "அன்னைக்கு நான் சொன்ன விஷயம் சரிதான்ம்மா, சொன்ன இடம் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "9ஆம் நம்பர் ரூம்காரர் டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் என் கையால ஊசி போட்டுக்கவே இல்ல சிஸ்டர்" என்றாள். அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

இன்சிடென்ட் பாரத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

உலக நோயாளி பாதுகாப்பு தினம். ஆரஞ்சு பலூன், ரங்கோலி, கேக். என்னைப் பேசச் சொன்னார்கள்.

எலைன் பிரோமிலியின் கதையைச் சொன்னேன். 2005, இங்கிலாந்து. சைனஸ் ஆபரேஷனுக்குப் போன பெண். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. டாக்டர்கள் குழாய் செருகுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். நர்ஸ் ஒருவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைக்கும் டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்துவிட்டார், இன்னொருவர் ஐசியூவில் பெட் கேட்டுவிட்டார். அவர்கள் சொன்னது எடுபடவில்லை. 13 நாளில் அவர் இறந்துபோனார். கணவர் மார்ட்டின், விமானி. விமானத்தில் இளையவர் தலைமை விமானியைத் தடுத்துப் பேசப் பயிற்சி உண்டே, ஆபரேஷன் தியேட்டரில் ஏன் இல்லை என்று அவர் கேட்க ஆரம்பித்தார்.

கேக் வெட்டும்போது யாரும் அதிகம் பேசவில்லை. கேக் சுமார்தான்.

செப்டம்பர் 21, சனி

ராத்திரி 2:10க்கு போன். அவள்தான். "சிஸ்டர், 14ஆம் பெட், ஒண்ணு நாலு. ஆக்சிஜன் சாச்சுரேஷன் 86, ஒண்ணரை மணியிலேருந்து இறங்குது. டாக்டர் வந்துட்டார், ஐசியூவுக்கு மாத்துறோம். வார்டுல ஆள் பத்தாது, ஒருத்தரை அனுப்புங்க."

தூக்கக் கலக்கத்தில் "சரி" என்றேன்.

"சரின்னா எப்படி சிஸ்டர்? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

எழுந்து உட்கார்ந்து சொன்னேன். பெட் நம்பரை 4 என்று சொல்ல, அவள் திருத்தினாள்.