மெஷின் வந்தாச்சு, கரண்ட் எப்போ?

மின்சார காருக்கான வேக சார்ஜரைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய வேலையே இல்லை. அடித்தளம் போட்டு, கேபிளும் இழுத்து வைத்திருந்தால், லாரியில் வந்த மெஷினை இறக்கி ஓரிரு நாளில் காருக்கு சார்ஜ் ஏற்றிக் காட்டிவிடலாம். ஆனாலும் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று எங்கே போனாலும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "மெஷின் வந்து மாசக்கணக்கா பிளாஸ்டிக் உறையோட நிக்குதே, எப்போ சார் ஓடும்?" சார்ஜர் நிறுவும் ஒப்பந்த வேலையில் நீலகிரி முழுக்க அலைகிறவன் நான். இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பதில் கரண்ட். சாலையோரத்தில் வைக்கும் சாதாரண வேக சார்ஜர் ஒன்றுக்கு 60 கிலோவாட் வேண்டும். ஊருக்குள் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் அதை மாட்டினால், டிரான்ஸ்பார்மரின் பலத்தில் பாதிக்கு மேல் ஒரே கார் எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் அந்த ஊரின் வீடுகள், பேக்கரி, மாவு மில் எல்லாம் ஓட வேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். இறங்கியதும் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், இல்லையென்றால் நின்றே போகும். அதனால் மலையில் சார்ஜர் என்றால் பெரும்பாலும் அதற்கென்று தனி டிரான்ஸ்பார்மர் என்றுதான் அர்த்தம். மின்வாரியம் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும், நிறுவனம் பணம் கட்ட வேண்டும், பொருள் வர வேண்டும், ஹெச்.டி. எனப்படும் உயர் அழுத்த லைன் இழுக்க வேண்டும்.

சமவெளியில் லைன் இழுப்பது என்றால் ரோட்டோரமாகக் கம்பம் நட்டுக்கொண்டே போகலாம். இங்கே ஒரு வளைவைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம், அடுத்த வளைவில் வனத்துறை எல்லை, அதற்கப்புறம் யாரோ ஒருவருடைய பட்டா சரிவு. குறுக்கே நிற்கும் சில்வர் ஓக்கையோ கற்பூர மரத்தையோ நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மண் தோண்டும் இயந்திரத்துக்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை, அதனால் பல இடங்களில் டிரான்ஸ்பார்மர் மேடைக்கும் எர்த் குழிக்கும் ஆட்கள் கடப்பாரையால்தான் தோண்டுகிறார்கள். கூடலூர் பக்கம் போனால் இன்னொரு முடிச்சு. 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17-க்குள் வரும், தோட்டக் குத்தகை உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலங்களில் மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. அந்த நிலத்தில் இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கே விளக்கு எரியாதபோது, கார் சார்ஜருக்கு இணைப்பு கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

இந்தத் தடைகளை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கம் சரிவுகள் எப்படி வீடுகளை வாரிக்கொண்டு போயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மரமும் சரிவும் காக்கப்பட வேண்டியவைதான். தாமதம் அங்கே இல்லை. ஒரே கோப்பு ஒவ்வொரு மேஜைக்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போவதில் இருக்கிறது. எல்லாத் துறையும் ஒரே நாளில் இடத்துக்கு வந்து பார்த்தால் பாதிக் காலம் மிச்சமாகும்.

கோத்தகிரி வழியில் இருக்கும் கட்டபெட்டு பக்கம் ஒரு வேலையில், பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த லைன்மேன் ஒருவர் மேலே போகும் உயர் அழுத்தக் கோபுரத்தைக் காட்டினார். "தம்பி, கரண்ட் நம்ம தலைக்கு மேலதான் போகுது. ஆனா அது கோயமுத்தூருக்குப் போற கரண்ட்." உண்மைதான். பைக்காரா மின்நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது, அப்புறம் மாயாறு, குந்தா என்று இந்த மாவட்டத்தின் தண்ணீர் மின்சாரமாகிச் சமவெளிக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. நமக்கு வருவது மரக்கிளைகளுக்கு நடுவே நெளியும் மெல்லிய லைன். காற்றடித்து ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் அந்தப் பக்கமே இருட்டு. அந்த மழையிலும் ஏறி அதைச் சரிசெய்யும் லைன்மேன்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால், மின்வாரியத்தைப் பொத்தாம்பொதுவாகத் திட்டுகிறவர்களோடு என்னால் சேர்ந்து பேச முடியவில்லை.

இரண்டாவது பதில் உயரம். இதைப் பலரும் யோசிப்பதில்லை. சார்ஜரின் விவரத் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் 2,000 மீட்டர் உயரம் வரை என்றுதான் போட்டிருப்பார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிவதால் மெஷினுக்குள் இருக்கும் விசிறிகளால் சூட்டை அதே அளவுக்கு வெளியே தள்ள முடியாது, முழுத் திறனில் ஓட்டுவது சரியில்லை. அதைவிடப் பெரிய தொல்லை பனிமூட்டம். கார் இணைந்ததும், மின்சாரத்தை விடுவதற்கு முன்னால் எங்காவது கசிவு இருக்கிறதா என்று மெஷின் தானே சோதித்துப் பார்க்கும். காரில் செருகும் கைப்பிடியான கன்னின் வாயில் ஈரம் கோத்திருந்தால் இன்சுலேஷன் கோளாறு என்று காட்டி நின்றுவிடும். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேலே ஒரு சரியான கூரையும், கன்னை மூடி வைக்கும் பழக்கமும் இருந்தால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் கோயமுத்தூருக்கு வரைந்த அதே வரைபடத்தை மலைக்கும் அனுப்பும்போது அதில் கூரையே இருப்பதில்லை. நான் கேட்டு வாங்கிக் கூரை போட்ட இடங்கள் மழைக்காலத்திலும் ஓடுகின்றன.

சரி, எத்தனை சார்ஜர் வேண்டும், எங்கே வேண்டும்? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். அங்கிருந்து ஊட்டிக்கு ஏறினால் 1,900 மீட்டர். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் போகும். 50 கிலோமீட்டர் ஓடும் செலவு தனி. முதலில் வந்த டாடா நெக்ஸான் மின்சார காரில் பேட்டரியே 30 யூனிட் சொச்சம்தான். அதனால் தவிப்பெல்லாம் ஏறும்போதுதான். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, போன சக்தியில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

இதனால்தான் ஊட்டியில் சார்ஜ் போடுகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்கிறேன்: இறங்கப் போகிறீர்கள் என்றால் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நூறு ஆக்கிவிட்டால் இறக்கத்தில் வரும் சக்தியை வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிடிப்பது குறைந்து, மொத்தச் சுமையும் பிரேக்கில் விழும். பெட்ரோல் கார்க்காரர்களுக்கு 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று பலகை வைத்திருக்கிறோமே, மின்சார காருக்கு அந்த இரண்டாவது கியர் பேட்டரியில் இருக்கும் காலி இடம்தான். எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகமும் வெகுவாகக் குறையும், பின்னால் நிற்கிறவர் காத்துக்கிடப்பார். ஒவ்வொரு சார்ஜர் பக்கத்திலும் இதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

அப்படியானால் வேக சார்ஜர் முதலில் வர வேண்டிய இடங்கள் அடிவாரமும் நடு வழியும். மேட்டுப்பாளையத்தில் பலமான லைன் இருக்கிறது, மண் சரியும் பயமும் இல்லை. மைசூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடலூர். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருப்பதால், கூடலூர் சார்ஜர் ஓடவில்லை என்றால் அவர்கள் திரும்பிப் போகவும் முடியாது. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தையும் மனதில் வைக்க வேண்டும். ஏறுகிற வழியில் இல்லாத சார்ஜர், ஏறுகிறவருக்கு இல்லாத சார்ஜர்தான்.

2023 மார்ச்சில் மத்திய அரசு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கி, நாடு முழுக்க 7,432 வேக சார்ஜர் நிலையங்கள் வைக்கச் சொன்னது. அது நல்ல முயற்சி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஓர் இடத்துக்கு ஒரே மெஷின் என்று பரப்பிக்கொண்டே போகத் தோன்றும். மலையில் அது போதாது. ஒரு சீசன் மாலை, குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் அப்படி ஒற்றை மெஷின் முன்னால் நின்றிருந்தது. மெஷினுக்குக் கரண்ட் இருந்தது, உள்ளே இருந்த சிம்முக்கு சிக்னல் இல்லை, அதனால் ஆப் அதைத் திறக்கவில்லை. அது எங்கள் நிறுவனம் வைத்த மெஷின் இல்லை, திறக்க என்னிடம் வழியும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் தன் கடையின் 15 ஆம்பியர் பிளக்கைக் கொடுத்து, "அண்ணா, ராத்திரி முழுக்கப் போட்டுக்கங்க, காலைல கிளம்புங்க" என்றார். அன்று அவர்களைக் காப்பாற்றியது அந்த பிளக்தான்.

அதனால்தான் லாட்ஜ் உரிமையாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். இரவு தங்குகிற காருக்கு வேக சார்ஜர் தேவையே இல்லை. சரியான எர்த்தோடு ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் மணிக்கு 3 யூனிட் கொடுக்கும், விடிவதற்குள் மறுநாள் சுற்றத் தேவையானது ஏறிவிடும். முடிந்தவர்கள் 7.4 கிலோவாட் பெட்டி ஒன்றை மாட்டலாம். மின்வாரியத்தில் லோடு கொஞ்சம் கூட்டி வாங்கினால் போதும், தனி டிரான்ஸ்பார்மர் வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். பழைய வயரிங்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைனாக இழுங்கள். அழைத்தால் நானே வந்து எர்த் பார்த்துக் கொடுக்கிறேன். டிரைவர்கள் தங்கும் அறைக்குப் பக்கத்திலும் ஒரு பாயின்ட் வையுங்கள், வாடகைக் கார்கள்தான் அடுத்து மாறப் போகின்றன.