எள்ளுத் துவையல் இல்லாத ஆனி

ஜூன் 22, ஞாயிறு

அத்தை கறுப்பு உளுந்துச் சோறு பொங்கியிருந்தார்கள். தொட்டுக்கொள்ள தேங்காய்த் துவையல். உளுந்துச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் இல்லாமல் திருநெல்வேலியில் யாராவது தட்டு வைப்பார்களா? கேட்டால் "எள்ளு சூடு, மூணு மாசம் முடியட்டும் பாப்போம்" என்று முடித்துவிட்டார்கள். ரெண்டு வாய் தின்றேன், அதுவும் நிற்கவில்லை. சாயங்காலம் மிக்ஸி ஜாரைக் கழுவப் போனால் மூடி ரப்பருக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. ஆம்பளைகளுக்கு மட்டும் தனியாக அரைபட்டிருக்கிறது! விரலால் வழித்து நக்கிவிட்டுத்தான் கழுவினேன்.

ஜூன் 24, செவ்வாய்

எழுந்ததும் வாந்தி. பஸ்ஸில் டீசல் வாடைக்கு ஓங்கரிப்பு. ஆபீஸில் யாரோ டவுணிலிருந்து அல்வா வாங்கி வந்திருந்தார்கள், நெய் வாசம் பட்டதும் மறுபடி. கேஸ் டிரபிள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்து சீட் அக்கா ஒன்றும் கேட்காமல் ஓமவாட்டர் பாட்டிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். மூணு மாசம் முடியாமல் ரெண்டு பேருமே வாயைத் திறக்கப்போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

காற்றென்றால் காற்று, கொடியில் ஒரு துணி நிற்கவில்லை, வீடு முழுக்கப் புழுதி. அம்பாசமுத்திரத்தில் சாரல் அடிக்கிறதாம், அம்மா போனில் பெருமையடிக்கிறாள்.

நர்சம்மா வந்தார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் கிடைக்குமாம், பணமும் சத்துப் பெட்டியுமாகச் சேர்த்து 18,000. ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு "இது எத்தனாவதும்மா?" என்றார்கள். நான் "ரெண்டாவது" என்றேன். அதே நேரத்தில் அத்தை "மொதல்" என்றார்கள். நர்சம்மா எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அட்டையைப் பிரித்துப் பார்த்தேன், 2 என்றுதான் போட்டிருக்கிறது. ஏனோ நிம்மதியாக இருந்தது. போன தடவை கர்ப்பத்தைப் பதிந்தபோது வந்த பிக்மி நம்பர் மெசேஜ் இன்னும் போனில் கிடக்கிறது.

ஜூன் 28, சனி

இன்று வாந்தி இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்றும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட வரவில்லை, நாக்கை நன்றாக வழித்துப் பார்த்தேன், வேண்டுமென்றே தாளிக்கிற இடத்தில் போய் நின்றேன், சொதிக்குத் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை போன வாரம் என்னை மொட்டை மாடிவரை விரட்டியது, இன்றைக்கு என்னவென்றால் பசிக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். "மசக்கை தெளிஞ்சிட்டு" என்று அத்தை சாமி படத்துக்குப் பூ வைக்கிறார்கள். இவர் ரெண்டாவது தடவை சோறு போடுகிறார். போன தடவையும் இப்படித்தான் ஒருநாள் காலையில் திடீரென்று பசித்தது, ஆசையாக இட்லி தின்றேன், ஆறு இட்லி.

டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஹெச்சிஜி என்கிற கர்ப்ப ஹார்மோன் 8 வாரத்திலிருந்து 11 வாரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கும், நஞ்சுக்கொடி வேலையை எடுத்துக்கொள்ளும், வாந்தி தானாகக் குறையும், அது நல்லதுதான் என்று. புத்திக்குப் புரிகிறது. ஆனால் பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் லைட்டைப் போட்டு, குனிந்து, துணியைப் பார்க்காமல் வர முடியவில்லை. ராத்திரி இவரை எழுப்பி "எனக்கு நெஞ்சு வலிக்கலை" என்றேன். பாவம், பதறி உட்கார்ந்தார். மார் வலி நின்றுவிட்டது என்று சொல்ல வந்தேன். அதை எப்படி விளக்க?

ஜூன் 30, திங்கள்

ஸ்கேனை முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டுப் போன் செய்தேன். 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் வளர்ந்தால் அளவு தெளிவாக வரும், வியாழனே வாங்க என்றார்கள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே, "ஏட்டி, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரே ஒரு ஓங்கரிப்பு. அப்பாடா.

ஜூலை 3, வியாழன்

போனோம். பேப்பரில் கையெழுத்து, சுவரில் பாலினம் சொல்லமாட்டோம் என்ற போர்டு, 1994 சட்டம் என்று கீழே பொடி எழுத்தில். வரிசையில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜெல்லைத் தடவி வைத்ததும் டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை. திரை அவர்கள் பக்கம் இருக்கிறது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் புருவத்தைப் பார்த்தேன். அப்புறம், "என்ன இது, சுருண்டு படுத்துக்கிட்டு திரும்ப மாட்டேங்குது, போய் ஏதாவது இனிப்பாக் குடிச்சிட்டு கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார்கள். 'மாட்டேங்குது' என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருந்தும் நானே வாய்விட்டுக் கேட்டேன், "ஹார்ட் பீட் இருக்கா மேடம்?" "நல்லா இருக்கும்மா, 161."

மாம்பழ ஜூஸ் குடித்துவிட்டு வராண்டாவில் நடந்தேன். இவர் பின்னாலேயே டம்ளரோடு. ரெண்டாவது தடவை படுத்ததும் ஒழுங்காக மல்லாந்துவிட்டது. நீளம் 58 மி.மீ. கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர் 1.4 மி.மீ. மூக்கெலும்பு தெரிகிறது. திரையைத் திருப்பிக் காட்டினார்கள், கையைத் தூக்கி முகத்துக்கிட்டே கொண்டுபோனது. குரோமோசோம் குறை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கிற டபுள் மார்க்கர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்த ரிசல்ட்டையும் இந்த அளவுகளையும் என் வயசு, எடையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்களாம்.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட்டில் ஜனவரி 13 என்று தேதி. அத்தை காலண்டரை எடுத்துவிட்டார்கள். மார்கழி கடைசி. "ரெண்டு நாள் தள்ளிப் பொறந்தா தை" என்று டாக்டரிடம் சொல்லச் சொல்கிறார்கள்! பொங்கல் பானைக்கு யார் மஞ்சள்கொத்துக் கட்டுவது என்பது வரைக்கும் போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி லைட் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்து மூணு நாளில் எதுவும் ஆகாதா என்ன? இதை யாரிடம் கேட்க?

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். லீவு. கூட்டத்தில் இடிபடக் கூடாது என்று என்னை விட்டுவிட்டு எல்லோரும் ரத வீதிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் மிக்ஸியும்தான்! எள்ளை வறுத்து, மிளகாய் வற்றல், புளி, உப்பு வைத்து அரைத்துத் தின்றேன். அளவோடு சாப்பிட்டால் எள்ளு ஒன்றும் செய்யாது என்று டாக்டரிடம் அன்றைக்கே கேட்டு வைத்திருந்தேன். ஜாரையும் மூடி ரப்பரையும் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

டபுள் மார்க்கர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லப்போகிறேன். 26 வாரம் லீவு, அதில் 8 வாரம் முன்னாலேயே எடுக்கலாம். நான் முன்னால் ரொம்ப எடுக்காமல் பின்னாடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், இவர் முடியவே முடியாது என்கிறார், பஸ்ஸில் போகக் கூடாதாம். பஸ்ஸில் போகாமல் பாளைக்குத் தினமும் ஆட்டோவா? எவ்வளவு ஆகும்?