கத்தரிக்கோலை எடுக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று

திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் மூன்று ரோஜாத் தொட்டிகள். மூன்றுமே ஒட்டுச்செடிகள், வாங்கி வந்த நாளில் ஆளுக்கொரு பூவோடு இருந்தன. அதன்பிறகு ஒரு வருடம் நோஞ்சான் பிள்ளைகளாக நின்றன. ஈர்க்குச்சிப் பருமனில் கிளைகள், நுனியில் நாலு இலை, அதிலும் கரும்புள்ளி. மொட்டு வந்தால் பட்டாணி அளவிலேயே காய்ந்துவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடலைப் பிண்ணாக்குக் கரைசல், முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல் என்று அடுக்களையில் மிஞ்சியதெல்லாம் அந்தத் தொட்டிகளுக்குத்தான் போயிற்று. கவாத்து மட்டும், அதாவது கிளை வெட்டுவது மட்டும், செய்யவில்லை. இருப்பதே நாலு கிளை, அதையும் வெட்டினால் என்ன மிஞ்சும் என்ற பயம்.

நர்சரியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். “திடமான கிளையை லேசாக வெட்டுங்கள் தம்பி. ஒல்லிக் கிளையைத்தான் ஒட்ட வெட்ட வேண்டும்” என்றார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. ஒல்லிக் கிளையில் பத்துக் கணு இருந்தால், இருக்கிற கொஞ்சச் சத்தைப் பத்தும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால் அந்த இரண்டுமாவது உருப்படியாகத் துளிர்க்கும் என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒரு கிளையைக் காட்டி, “இது எங்கிருந்து கிளம்புகிறது, பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பெருமையாக வளர்த்துவந்த கிளை அது. நீளமாக, பளபளவென்று, ஒரு மொட்டுக்கூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்து மண்ணை விலக்கிப் பார்த்தால், ஒட்டுக்குக் கீழே இருந்து வந்திருக்கிறது. வேருக்காக அடியில் வைத்து ஒட்டுக் கட்டிய காட்டு ரோஜாவின் கிளை. ஒரு வருடமாக நான் ஊற்றிய பிண்ணாக்குத் தண்ணீரெல்லாம் அதற்கே போயிருக்கிறது! காட்டுக்கிளைக்கு ஏழு சிற்றிலை, ஒட்டுக்கிளைக்கு ஐந்து என்பார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம், சில நல்ல ரகங்களிலும் ஏழு வரும். கிளம்பும் இடம்தான் சாட்சி. வெட்டினால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும் என்பதால் அடியோடு பிய்த்து எடுத்தேன்.

அக்டோபர் நடுவில், அடைமழைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தொட்டியைக் கவிழ்த்தபோது இன்னொரு அதிர்ச்சி: நர்சரியிலிருந்து வந்த களிமண் உருண்டை அப்படியே கல்லாக இருந்தது. வேர் அதைத் தாண்டவே இல்லை. வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஓரத்துக் களியை மட்டும் விரலால் கரைத்துவிட்டு, செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த புது மண்ணில் வைத்தேன்.

பிறகு கத்தரி. அதை முதலில் டெட்டால் தொட்டுத் துடைத்தேன். காய்ந்தது, உள்நோக்கி வளர்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது மூன்றும் முதலில் போயின. மீதிக் கிளைகளில் இரண்டு மூன்று கணு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினேன். வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டு வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் நுனிக்கருகல் இன்னும் கீழே இருக்கிறது, வெள்ளை தெரியும்வரை இறங்க வேண்டும். ஒரு செடியில் இறங்கினேன், இறங்கினேன், ஒட்டுவரை பழுப்புதான். அது பிழைக்கவில்லை. மற்ற இரண்டின் வெட்டுவாயிலும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவினேன்.

ஒரு வாரம் நிழலில் வைத்தேன். உரம் கிடையாது, துளிர் வரும்முன் உரம் போட்டால் புது வேர் கருகும். மழைக்காலமாதலால் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுகளையும் எடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் அரிசிமணி அளவில் சிவப்பாக ஒரு துளிர். அதைப் பார்க்க அன்றைக்கு நாலு தடவை மாடி ஏறினேன். இலை விரிந்து பச்சையான பிறகுதான் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு போட்டேன்.

நவம்பர் கடைசியில் வந்த முதல் மொட்டுகளைக் கிள்ளி எறிந்தேன், செடி முதலில் உடம்பு தேறட்டும் என்று. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

பொங்கல் வாரத்தில் ஒரு பூ முழுதாக விரிந்தது. காலையில் மாடிக்குப் போனால் காணோம்; சாமி படத்தில் இருந்தது. அம்மா பூவின் கழுத்தோடு கிள்ளியிருந்தாள். வெறும் காம்பு நீட்டிக்கொண்டு நின்றது. கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.