சலமான்கா குறிப்புகள்: முடியாத இறந்தகாலம்

அக்டோபர் 14

ஸ்பெயினின் சலமான்காவில், ஸ்பானிஷ் மாலை வகுப்பில் இன்றைக்கு 'இம்பெர்ஃபெக்தோ', அதாவது முடியாத இறந்தகாலம், ஆரம்பித்தாயிற்று. வடிவத்தைப் பொறுத்தவரை ஸ்பானிஷில் இவ்வளவு சாதுவான காலம் வேறு இல்லை. 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு 'ஆபா', 'ஏர்', 'ஈர்' என்று முடிபவற்றுக்கு 'ஈயா'. பாடுவதற்கு 'காந்தாபா', சாப்பிடுவதற்கு 'கொமீயா'. அடங்காதவை மூன்றுதான்: இருந்ததற்கு 'ஏரா', போனதற்கு 'ஈபா', பார்த்ததற்கு 'பெயீயா'. நானுக்கும் அவனுக்கும் ஒரே வடிவம் என்பதால், வழக்கமாக விட்டுவிடும் 'நான்' என்பதைச் சில இடங்களில் சொல்லியாக வேண்டும்.

'ஆபா'வில் வரும் ப நமக்கு இனாம். 'கோபம்' என்னும்போது உதடு ஒட்டியும் ஒட்டாமலும் வருகிறதே, அதே ஒலி. பக்கத்து இருக்கை ஜெர்மன்காரர் அதை அழுத்திச் சொல்லிச் சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 15

எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. நீண்ட நேரம் நடந்ததற்கு இம்பெர்ஃபெக்தோ, சட்டென்று முடிந்ததற்கு இன்னொரு இறந்தகாலமான இந்தெஃபினிதோ என்று கற்றுத்தருகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இந்த நாட்டில் முஸ்லிம் ஆட்சி 711இல் தொடங்கி 1492இல் கிரானடா விழும்வரை நீடித்தது. அதைச் சொல்லும்போது 'துரோ காஸி ஓச்சோ சிக்லோஸ்' என்பார்கள், ஏறக்குறைய எட்டு நூற்றாண்டு நீடித்தது என்று. 'துரோ' இந்தெஃபினிதோ! ஆனால் 'அப்போது மணி மூன்று' என்பதற்கு 'ஏரான் லாஸ் த்ரேஸ்'. ஒரே ஒரு கணம், அதற்குப் போய் இம்பெர்ஃபெக்தோ.

ஆக, நீளம் கணக்கே இல்லை. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் கணக்கு. தொடக்கமும் முடிவும் தெரிகிற மாதிரி வெளியே நின்று பார்த்தால் இந்தெஃபினிதோ. உள்ளே புகுந்து, இரண்டு முனையையும் மறந்துவிட்டால் இம்பெர்ஃபெக்தோ. எட்டு நூற்றாண்டு என்று எண்ணிச் சொன்ன உடனே வெளியே வந்துவிடுகிறோம்.

அக்டோபர் 19

தமிழில் இந்த வேலையை மூன்று பேர் பங்குபோட்டுச் செய்கிறார்கள். 'சின்ன வயதில் பாட்டி கதை சொல்வாள்' என்கிறோம். பழைய பழக்கம், ஆனால் வினை எதிர்கால உடையில் வருகிறது. 'நான் போனபோது சொல்லிக்கொண்டிருந்தாள்' என்பது இன்னொன்று. 'வீடு பெரிதாக இருந்தது' என்பது மூன்றாவது. ஸ்பானிஷ்காரர்களுக்கு மூன்றுக்கும் இம்பெர்ஃபெக்தோ ஒன்றே போதும். தமிழில் யோசித்து, 'சொல்வாள்' என்றோ 'கொண்டிருந்தாள்' என்றோ வந்தால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடலாம். வெறும் 'சொன்னாள்', 'இருந்தாள்' வரும் இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 27

வீட்டுக்காரம்மா சமையலறையில் மாட்டிக்கொண்டார், அல்லது நான் அவரிடம். எண்பதை நெருங்குகிறார். தெற்கே கிஹுவேலோ பக்கம் மலைக்கிராமம், பன்றித் தொடைக்குப் பேர்போன வட்டாரம். குளிர் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு பன்றி அடிக்கும் 'மதான்சா' பற்றிப் பேச்சு வந்தது. 'மதாபாமோஸ்', அடிப்போம். 'லபாபாமோஸ்', பெண்கள் எல்லாரும் குடலை ஆற்றுக்குக் கொண்டுபோய் அலசுவோம், விரல் மரத்துப்போகும். பையன்கள் மூத்திரப்பையை ஊதிப் பந்தாக்கி விளையாடுவார்கள். மிளகாய்ப்பொடி பிசைவோம், சோரிசோ என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி கட்டித் தொங்கவிடுவோம். அரை மணி நேரம் போல ஆபாவும் ஈயாவும்தான் ஓடின. எந்த வருஷத்து மதான்சா என்று கேட்கவே தோன்றவில்லை, எல்லா வருஷமும் அதில் இருந்தது.

அப்புறம் 'ஊன் தீயா' என்றார், ஒருநாள். 'ஸே முரியோ மி பாத்ரே இ நோஸ் பினீமோஸ்.' அப்பா இறந்துபோனார், நாங்கள் இங்கே வந்துவிட்டோம். இரண்டு இந்தெஃபினிதோ, கதை முடிந்தது. எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

நவம்பர் 3

ரொட்டிக் கடையில் 'கே கெரீயா?' என்று கேட்கிறார்கள். என்ன வேண்டியிருந்தது என்று! இன்னும்தான் வேண்டும், ரொட்டி கைக்கு வரவில்லையே. இது மரியாதைக்கான இம்பெர்ஃபெக்தோ. நாமும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்' என்று இழுப்பதில்லையா.

ஊர் நடுச் சதுக்கமான பிளாசா மயோரில் இரண்டு சிறுமிகள் விளையாட்டுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'யோ ஏரா லா ரெய்னா, தூ ஏராஸ் எல் திராகோன்.' நான் ராணியாம், நீ டிராகனாம். இலக்கணத்தில் இதற்கு விளையாட்டு இம்பெர்ஃபெக்தோ என்றே பெயர் உண்டு. நம் பிள்ளைகளின் 'நான் டீச்சராம், நீ ஸ்டூடண்டாம்' அச்சு அசலாக இதுதான். நமக்கு 'ஆம்' செய்வதை அவர்களுக்கு 'ஏரா' செய்கிறது.

நவம்பர் 8

இலக்கண அறிஞர் நெப்ரிஹா தம் காஸ்டிலிய (ஸ்பானிஷ்) இலக்கணத்தை 1492இல் இதே ஊரில்தான் அச்சிட்டார். அவர் இதை 'முடியாத இறந்தகாலம்' என்றார். காரகாஸில் பிறந்து சிலியில் குடியேறிய ஆந்த்ரேஸ் பெல்லோ, 1847இல் ஸ்பானிஷ் பேசும் அமெரிக்க நாட்டவருக்காக எழுதிய இலக்கணத்தில் 'கோப்ரெதேரிதோ' என்று பெயர் மாற்றினார். இன்னொரு இறந்தகாலச் செயலோடு உடன் நடப்பது என்ற பொருளில். மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் அதே பெயர்தான். என் ஓட்டு பெல்லோவுக்கு. 'நான் வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்பதில் மழை முடிந்ததா இல்லையா என்பது யாருக்கு வேண்டும்? நான் வந்த நேரத்தில் அது இருந்தது, அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், 1865இல் அவர் சாந்தியாகோவில் இறந்ததையே 'மொரீயா' என்று இம்பெர்ஃபெக்தோவில் எழுதலாம். பத்திரிகையிலும் வாழ்க்கை வரலாற்றிலும் தேதியோடு முடிந்துபோன சம்பவத்தை இப்படிக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுவது ஒரு நடை. பேச்சில் செய்தால் சிரிப்பார்கள்.

நவம்பர் 16

இன்றைய பாடம், காலம் மாறினால் பொருளே நகர்ந்துவிடும் வினைகள். 'கொனொசீயா' என்றால் ஏற்கெனவே பழக்கம், 'கொனொசீ' என்றால் அன்றைக்குத்தான் அறிமுகம். 'நோ கெரீயா' என்றால் மனமில்லை, ஆனாலும் போயிருக்கலாம். 'நோ கீஸே' என்றால் மறுத்தேவிட்டேன். 'சபீயா' தெரிந்திருந்தது, 'ஸூபே' தெரியவந்தது.

கடைசி ஜோடிக்கு ஆசிரியர் தந்த பயிற்சி, ஊழலில் சிக்கிய அமைச்சரின் பேட்டி. அமைச்சர் 'நோ லோ சபீயா' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரலாம், தெரியாத நிலைக்கு ஏது தொடக்கம். நிருபராக நடித்த போலந்துப் பெண் விடவில்லை. 'குவாந்தோ லோ ஸூபோ?' என்று கேட்டார். எப்போது தெரியவந்தது? அமைச்சர் இனி ஒரு தேதி சொல்லியாக வேண்டும்.