2037-க்குப் பிறகு வரச் சொன்னார்கள்

லண்டனில் என் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு வயது 95. பிறந்தது பெர்மாண்ட்சியில், துறைமுகக் கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தேம்ஸ் தென்கரையில். 1934-இல், அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது, தாயாரைக் காசநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எந்த மருத்துவமனை, என்று இறந்தார் என்பதெல்லாம் மகளுக்குத் தெரியாது. மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து, கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்று மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றியது மட்டும் நினைவிருக்கிறது. அம்மாவின் ஏட்டைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். நான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

முதல் பயணமே வீண். பெர்மாண்ட்சிக்காரர்தானே என்று அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மருத்துவமனைப் பதிவேடு அங்கே எப்படி இருக்கும்? இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட கால லண்டனில் ஏழைக்கு வைத்தியம் பார்த்தது ஒரே அலுவலகம் அல்ல. 1911-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் சம்பாதிக்கும் கணவனுக்குத்தான் டாக்டரைத் தந்தது. வீட்டிலிருக்கும் மனைவிக்குத் தரவில்லை. அவர் இருமலோடு போக வேண்டியது பரோ கவுன்சில், அதாவது அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம், நடத்திய காசநோய் டிஸ்பென்சரிக்கு (வந்து பார்த்துவிட்டுப் போகும் சிகிச்சை நிலையம்). படுக்கை தேவைப்பட்டால் அது லண்டன் முழுவதற்குமான லண்டன் கவுண்டி கவுன்சிலின் வேலை. முன்பு வேறு வாரியங்களிடம் இருந்த மருத்துவமனைகளும் 1930-இல் அதன் கைக்கு வந்துவிட்டன. நோயாளி எத்தனை வாசல் ஏறினாரோ, காகிதங்களும் அத்தனை இடத்தில் கிடக்கின்றன. கிளம்பும் முன் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளில் பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லண்டன் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பது எண்ணிக்கை, ஆள் இல்லை. நான் இரண்டு இரவுகள் படித்தேன். பெர்மாண்ட்சி கவுன்சில் 1926-இலேயே காசநோயாளிகளுக்கு ஒளிச் சிகிச்சை நிலையம் திறந்ததையும், வண்டியில் படக்கருவி ஏற்றித் தெருத் தெருவாகச் சுகாதாரப் படம் காட்டியதையும் அறிந்து மனம் நெகிழ்ந்தேன். தேடிய பெண்மணி மட்டும் கிடைக்கவில்லை.

மருத்துவமனைப் பதிவேடுகள் இருக்கும் காப்பகத்தில்தான் அந்த அடி விழுந்தது. நோயாளிகளின் ஏடுகள் நூறு ஆண்டுகள் மூடப்பட்டிருக்கும். ஒரு பதிவேட்டின் கடைசிப் பதிவு 1936 என்றால் அது 2037-இல்தான் திறக்கும் என்றார் மேசையில் இருந்தவர். மகளுக்கு 95 வயது என்றேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். இறந்தவரின் சான்றிதழைக் காட்டி விதிவிலக்கு கேட்கலாம் என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. வெளியே வரும்போது, அடுத்த மேசையில் காத்திருந்த ஒரு முதியவர்தான் சொன்னார். அவருக்கு என் நன்றி.

சான்றிதழுக்கான தேடலிலும் ஒரு மாதம் போனது. பெர்மாண்ட்சியில் வாழ்ந்தவரின் இறப்பு பெர்மாண்ட்சியில்தானே பதிவாகியிருக்கும் என்று இறப்புப் பதிவு அட்டவணையில் அதே மாவட்டத்தைத் திரும்பத் திரும்பத் துழாவினேன். இறப்பு பதிவாவது உயிர் போன இடத்தில். காசநோயாளிகளையோ நகரின் ஓரங்களுக்கும் வெளி மாவட்டங்களுக்கும் அனுப்பினார்கள். மாவட்டத்தை விட்டுவிட்டுப் பெயரையும் 29 வயதையும் மட்டும் கொடுத்தேன். வடக்கே ஹெண்டன் மாவட்டத்தில் 1935-இன் முதல் காலாண்டில் அவரது இறப்பு பதிவாகியிருந்தது. 12.50 பவுண்டு கட்டினேன். இறந்த மருத்துவமனையின் பெயரோடு சான்றிதழ் தபாலில் வந்தது.

அதையும் மகளின் கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்த்து எழுத்து மூலம் விண்ணப்பித்தேன். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்தால் பதில் எழுதியே ஆக வேண்டும். மூன்று வாரத்தில், மற்ற நோயாளிகளின் வரிகளை மறைத்து, அந்த ஒரு வரியின் நகல் வந்தது. பெயர், வயது, மதம், தெரு. நெருங்கிய உறவினர்: கணவர், துறைமுகத் தொழிலாளி. சேர்ந்தது 1934 செப்டம்பர் 18. இறந்தது 1935 பிப்ரவரி 20.

மூதாட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே நகர்த்திக்கொண்டே இருந்தார். அம்மா போன சில நாட்களிலேயே இறந்துவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாராம். "ஐந்து மாதம் இருந்தாரா?" என்று கேட்டார். "எங்களை ஒரு தடவைகூட யாரும் அழைத்துப் போகவில்லையே."

டிஸ்பென்சரியின் ஏடுகள் ஏதாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று பரோ காப்பகத்துக்கு நேற்று எழுதியிருக்கிறேன். இந்த முறை சான்றிதழின் நகலை முதலிலேயே இணைத்துவிட்டேன்.