மூன்றில் ஒன்று

"மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா? ஏன்?"

இந்தக் கேள்விக்கு என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பதில் இது: "மூன்றில் ஒன்றுதான் பெரியது. மூன்று பேர் இருந்தால் நமக்குக் கிடைத்துவிடும். நான்கு பேர் இருந்தால் கிடைப்பது கஷ்டம்."

விடை சரி. டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். ஏதோ உறுத்தியது. திரும்ப எடுத்துப் படித்தேன். அவள் எதையும் மூன்று பங்காகப் பிரிக்கவே இல்லை. மூன்று பேருக்குள் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாள். 'மூன்றில்' என்ற சொல்லில் இருக்கும் 'இல்' அவளை அங்கே கொண்டுபோயிருக்கிறது. "மூவரில் ஒருவர்" என்று நாம் சொல்வதில்லையா, அந்த 'இல்'.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு நடந்தது இது. அந்த ஒரு டிக்கிலிருந்து கிளம்பிய கட்டுரையை நேற்று இரவு இரண்டாவது முறையாகக் கல்வி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். நடுவில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கத் தோன்றியது. வகுப்பறையில் இருந்துகொண்டே ஆய்வு எழுத ஆசைப்படும் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள்.

முதலில் இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். எரிக் என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளம் 1960-களிலிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். 4 என்பது 3-ஐ விடப் பெரியது, அதனால் நான்கில் ஒன்றுதான் பெரியது என்று பிள்ளைகள் நினைப்பதற்கு 'முழு எண் சாய்வு' என்ற பெயரில் 2005-லேயே விரிவான ஒரு மீளாய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. என் கண்டுபிடிப்பு என்று நான் நம்பியதில் பாதி அங்கேயே போயிற்று. அப்புறம் இன்னொன்று கிடைத்தது. கொரிய மொழியிலும் தமிழைப் போலவே பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது குழந்தைகளுக்கு உதவுகிறதா என்று கொரியா, குரோஷியா, அமெரிக்கா ஆகிய 3 நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. உதவுகிறது என்றது அது. 2003-இல் வந்த இன்னொன்று அந்த முடிவைக் கேள்வி கேட்டது. இரண்டையும் படித்த அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மொழி உதவுகிறதா இல்லையா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவியோ மொழி உதவியதால் சரியான விடைக்கும் வந்து, அதே மொழியால் வேறு அர்த்தத்துக்கும் போயிருந்தாள். சொல்வதற்கு எனக்கு ஒன்று இருந்தது.

சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் உடனே ஒரு தடை. அந்த நோட்டுகள் பாடத்துக்காக வாங்கியவை. ஆசிரியராக நான் அவற்றைப் படிக்கலாம். ஆய்வாளராக எடுத்தாள எனக்கு உரிமை இல்லை. நான் முதுகலை படித்த கல்லூரியின் அறநெறிக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். அனுமதி வரும்வரை ஒரு நோட்டையும் ஆய்வுக்காகத் தொடவில்லை. பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளைகளையும் தனியாகக் கேட்க வேண்டும் என்றது குழு. 1989-இல் வந்த குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும்.

38 பேரில் 37 பேர் சரி என்றார்கள். ஒரு பெண் மட்டும் "வேண்டாம் மிஸ்" என்றாள். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். என்னிடம் இருந்தவற்றில் மிகத் தெளிவான படம் அவளுடையதுதான், முழுக் கட்டுரையையும் அந்த ஒரு படத்தை வைத்தே விளக்கியிருக்கலாம். காரணம் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். (மேலே சொன்ன பதிலை எழுதிய மாணவி வேறு. அவளும் அவள் வீட்டாரும் சம்மதித்ததால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.)

முதலில் அனுப்பிய இதழ் 9 நாளில் திருப்பி அனுப்பிவிட்டது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களிடம் போகவே இல்லை, இதழாசிரியரின் மேசையிலேயே நின்றுவிட்டது. தவறு என்னுடையது. பெயரில் 'கணிதக் கல்வி' என்று இருந்ததைப் பார்த்தேன், உள்ளே எதைப் போடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. கடைசி 2 வருட இதழ்களின் உள்ளடக்கத்தைப் புரட்டியிருந்தால் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைப் பற்றிய கட்டுரைகள்தான் என்று தெரிந்திருக்கும். அடுத்த இதழைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் வந்த 6 கட்டுரைகளை முழுதாகப் படித்தேன். முகப்புக் கடிதத்தில் என் கட்டுரை அவர்களுடைய எந்த விவாதத்தோடு சேர்கிறது என்று இரண்டு வரி எழுத முடிந்தது அந்த வாசிப்பால்தான்.

அந்த நாட்களில் இன்னொரு பக்கம் மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கி, 3 நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று முடியும். நான் பேராசிரியரும் இல்லை. நிராகரிப்பு வந்த வாரத்தில் அந்த வரி இனிக்கத்தான் செய்யும். தயவுசெய்து பதில் போடாதீர்கள். 37 பிள்ளைகள் நம்பிக் கொடுத்ததை யாருமே படித்துப் பார்க்காமல் அச்சிடும் இடத்தில் கொண்டுபோய்ப் போடக் கூடாது.

மேற்கோள் பட்டியலை ஏபிஏ என்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பின்படி மாற்ற இரண்டு இரவுகள் ஆயின. 2019-இல் வந்த அந்தப் பதிப்பில் பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் வேண்டாம், கட்டுரையை எழுதியவர்கள் 20 பேர் வரை இருந்தால் எல்லாப் பெயரையும் போட வேண்டும். பழைய பழக்கத்தில் எழுதியிருந்ததால் ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, செய்துதான் ஆக வேண்டும்.

அடையாளத்தை மறைப்பதில்தான் வழுக்கி விழப் பார்த்தேன். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. முதல் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கினேன். நன்றியுரையை எடுத்தேன். வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருந்த என் பெயரையும் அழித்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, ஸ்கேன் செய்த நோட்டுப் பக்கம் ஒன்றின் மூலையில் பள்ளியின் ரப்பர் முத்திரை பாதி தெரிந்தது. அதற்கு மேலே ஒரு பிள்ளையின் பெயர், பென்சிலில். அன்று எல்லாப் படங்களையும் திரையில் 4 மடங்கு பெரிதாக்கி மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

5 மாதம் கழித்து முடிவு வந்தது: பெரிய திருத்தம் தேவை. இரண்டு மதிப்பீட்டாளர்கள், மொத்தம் 23 குறிப்புகள். முதல் நாள் படித்துவிட்டு மூடி வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் அவர்கள் எழுதியது அப்படியே, நடுவில் என் பதில், வலது பக்கம் திருத்திய பக்க எண். பதில்களை வகைப்படுத்தியது நான் ஒருத்திதானா, வேறொருவர் சரிபார்த்தாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியையிடம் ஒரு பகுதியைக் கொடுத்தேன். 'விடை சரி, காரணம் தவறு' என்ற வகையில்தான் இருவரும் அடிக்கடி முரண்பட்டோம். காரணம் தவறு இல்லை டீச்சர், அது வேறு கேள்விக்கான சரியான காரணம் என்றார் அவர். அந்த வகையை இரண்டாக உடைத்தோம். கட்டுரையில் இன்று எனக்கு மிகப் பிடித்த பத்தி அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். ஒரு குறிப்பை மட்டும் ஏற்கவில்லை. என் ஒரு வகுப்பை வைத்துப் பொதுவான மக்கள்தொகைக்குப் புள்ளியியல் சோதனை செய்யச் சொன்னார்கள். சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த வகுப்பு அல்ல, அதனால் அந்தச் சோதனை சொல்லாததைச் சொன்னதாகிவிடும் என்று மரியாதையோடு எழுதினேன்.

என்னை உலுக்கியது இரண்டாம் மதிப்பீட்டாளரின் 14-ஆவது குறிப்பு. ஒரே வரி: "பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுதியது என்ன?"

7,000 சொல் எல்லைக்குள் அடக்க வேண்டி, பிள்ளைகளின் பதில்களில் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துத் தமிழை எடுத்திருந்தேன். 'மூன்றில் ஒன்று' எல்லா இடத்திலும் 'ஒன் தேர்டு' ஆகியிருந்தது. அந்த ஆங்கிலத்தில் மூன்று முன்னால் வராது, 'இல்' கிடையாது. படிப்பவருக்கு என் மாணவி ஏன் மூன்று பேரைப் பற்றிப் பேசுகிறாள் என்பது புரியவே புரியாது. எதைச் சொல்லத்தான் கட்டுரை எழுதினேனோ அதையே இடப் பற்றாக்குறைக்காக வெட்டியிருக்கிறேன். அந்த முகம் தெரியாத மனிதருக்குத் தமிழ் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

முன்னுரையில் 900 சொற்களை எடுத்தேன். கல்விக் கொள்கை பற்றிய இரண்டு பக்கம் முழுதாகப் போயிற்று, இன்று அதைத் தேடத் தோன்றவில்லை. அந்த இடத்தில் 11 பதில்களைத் தமிழ் எழுத்தில் வைத்து, கீழே சொல்லுக்குச் சொல் பொருளும், அதன் கீழே மொழிபெயர்ப்பும் கொடுத்தேன். கால் என்றால் அரையைவிடச் சிறியது என்று தெளிவாகச் சொன்ன பையன், நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடப் பெரியது என்று எழுதியிருந்தான். 'கால்' என்ற சொல்லில் நான்கு என்ற எண் வெளியே தெரிவதில்லை, அவனுக்கு அவை இரண்டும் ஒன்றென்று தோன்றவே இல்லை. மொழிபெயர்ப்பில் இரண்டையும் 'குவார்ட்டர்' என்றே எழுதி வைத்திருந்தேன்.

நேற்று இரவு எல்லாக் கோப்புகளையும் ஏற்றினேன். ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்த்துக் கொடுத்து, பார்த்து ஒப்புதல் தரும்படி கேட்டது இதழின் இணையதளம். 17-ஆம் பக்கத்துக்கு வந்தபோது தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். எழுத்துரு கோப்பில் பதியவில்லை. பார்க்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தால் 11 பிள்ளைகளின் வரிகளும் கட்டங்களாகவே போயிருக்கும்.

வேர்டில் எழுத்துருவைச் சேர்த்துச் சேமித்து, நானே பிடிஎஃப் ஆக்கி மறுபடி ஏற்றினேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. 17-ஆம் பக்கம் திறந்தது. 'மூன்றில் ஒன்றுதான் பெரியது' என்று தமிழிலேயே இருந்தது. கடைசிப் பதில் வரை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.